மூன்றாவது வரிசை, ஐந்தாவது கோப்பை

ஐந்தாவது கோப்பையில் ஏதோ இருந்தது. பிலோமினா வாயில் இருந்ததைத் துப்பும் டம்ளரில் துப்பினாள், கரண்டியை வெந்நீரில் அலசினாள், முகத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டாள். காப்பி ருசி பார்க்கும் வேலையில் நாக்கைப் பழக்குவதற்கு முன்னால் முகத்தைப் பழக்க வேண்டும். மேஜையைச் சுற்றி நிற்பவர்கள் பேசக் கூடாது, புருவத்தை உயர்த்தக் கூடாது, நன்றாக இருக்கிறது என்று தலை தன்னையறியாமல் ஆடிவிடக் கூடாது, ஒருவருடைய முகம் பக்கத்தில் நிற்பவருடைய நாக்கைக் கெடுத்துவிடும். பூ வைத்துக்கொண்டு வரக் கூடாது, பவுடர் கூடாது, காலையில் வெங்காயம் தாளித்த எதையும் சாப்பிட்டிருக்கக் கூடாது. காற்று வாசனையைக் கலைத்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தி ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். மார்ச் மாத வெயில் கண்ணாடியில் காய்ந்தது. கீழே அவிநாசி சாலையின் இரைச்சல் நான்காவது மாடிக்கு வந்து சேர்வதற்குள் ஒரு முனகலாகச் சுருங்கியிருந்தது. ரவிக்கை முதுகில் நனைந்து ஒட்டுவது தெரிந்தது. வேர்வையாக இருக்குமோ என்று நினைத்தாள். மேலுதட்டில் வேர்த்திருந்தால், கரண்டி வாய்க்குப் போகும்போது அந்த வாடை மூக்கில் படாமல் எப்படி இருக்கும். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள். வேர்வையில்லை. வேர்வைக்கு உப்பு வாடை. இது வேறு, இது தொண்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கிற ஒன்று, பெயர் தெரிந்த ஒன்றுதான், பெயரை நினைக்கத்தான் அவளுக்கு இஷ்டமில்லை.

மேஜையில் நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து கோப்பை. ஒரு வரிசை ஒரு தோட்டம். ஐந்து கோப்பையிலும் ஒரே தோட்டத்துக் கொட்டைதான், ஆனால் ஒவ்வொரு கோப்பைக்கும் தனியாக நிறுத்துத் தனியாக அரைப்பார்கள். எங்கேயாவது ஒரு கெட்ட கொட்டை ஒளிந்திருந்தால் அது ஒரு கோப்பையில் மட்டும் தலை காட்டும், மற்ற நான்கும் ஒன்றும் அறியாததுபோல இருக்கும். வரிசைகளுக்கு முன்னால் வெறும் எண். எது யாருடையது என்பது நிர்வாகி தேசிகனுக்கு மட்டும் தெரியும், அதனால் அவர் குடிப்பாரே தவிர மதிப்பெண் போடமாட்டார். காலையில் படியேறி வரும்போதே சொன்னார், "இன்னிக்கு மேஜையில உங்க வீட்டுக் காப்பியும் இருக்கு பிலோமினா. எதுன்னு சொல்லமாட்டேன். நீங்க கண்டுபிடிச்சுட்டாலும் சொல்லாதீங்க, எனக்கு ஹார்ட் வீக்." சிரித்துக்கொண்டே போய்விட்டார். சொல்லியிருக்கவே வேண்டாம். வெந்நீர் ஊற்றி, தூள் மேலே வந்து ஏடாகக் கட்டி, குனிந்து கரண்டியின் முதுகால் ஏட்டை உடைத்து முகர்ந்தபோது மூன்றாவது வரிசையில் அவள் கணவர் அமலதாஸின் சட்டை இருந்தது. கமலா ஆரஞ்சுத் தோலை வெயிலில் போட்ட வாசனை, அதற்கு அடியில் கொஞ்சம் புகை, அதற்கும் அடியில் மழை நின்ற பிறகு பாறை விடுகிற மூச்சு. சனிக்கிழமை மாலை வத்தலகுண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து அவர் கழற்றிப் போடுகிற சட்டை அது. காப்பிப் பழத்தைத் தோலோடு காயவைக்கிறவர்கள் சட்டையில் அந்த வாசனை ஏறிவிடும், இரண்டு தடவை அலசினாலும் காலர் மடிப்பில் நிற்கும். நான்கு வருஷமாகத் துவைக்கிறாள். உலகத்தில் எந்த ருசி பார்ப்பவளும் ஒரு தோட்டத்தை இப்படிக் கண்டுபிடித்திருக்கமாட்டாள் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. அப்போது முதல் கோப்பை கூடக் குடிக்கவில்லை. அப்போது எல்லாம் சரியாக இருந்தது.

முதல் நான்கு கோப்பைகளும் நன்றாக இருந்தன, நன்றாக என்பது சின்ன வார்த்தை. கரண்டியிலிருந்து சத்தமாக உறிஞ்சியதும் அது நாக்கில் விழாமல் அண்ணத்தில் தெளித்து, பழமாகி, பிறகு கரும்புச் சாறாகி, துப்பிய பிறகும் ஒரு பூவின் நினைப்பாகக் கொஞ்சநேரம் நின்றது. இந்த வேலைக்கு வந்த இருபது வருஷத்தில் பழனி மலைக் காப்பியில் இப்படி ஒன்றை அவள் குடித்ததில்லை. அவருக்கு எப்படி வந்தது இது. கூட்டுறவு வங்கியில் நகைக்கடனுக்கு உரசிப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு. கம்பி வலை அடித்த கட்டில்களில் பழத்தைப் பரப்பி, மணிக்கொரு தடவை கையால் புரட்டி, மழை வந்தால் தார்ப்பாய் போர்த்தி, காட்டுமாடு வந்தால் தகரம் தட்டி, ராத்திரி கட்டில்களுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு. தாண்டிக்குடிக்கு மேலே, போன் எடுக்காத ஒரு சரிவில். இதெல்லாம் வீண்போகவில்லை என்று நான்கு கோப்பையும் சொல்லிக்கொண்டு வந்தன. ஐந்தாவது கோப்பை சொல்லவில்லை. அதிலும் அதே ஆரஞ்சு, அதே கரும்பு, எல்லாம் போன பிறகு, எல்லாரும் வெளியேறிய வீட்டில் எங்கோ ஒரு மூலையில் நனைந்த சாக்கு. இல்லை. கரண்டியாக இருக்கலாம். இரண்டாவது வரிசை அதிகமாகப் புளிக்கவைத்த காப்பி, அதன் மிச்சம் கரண்டியில் ஒட்டியிருக்கலாம், அலசுகிற வெந்நீரே இந்நேரம் காப்பியாகியிருக்கும். திரும்பவும் ஒரு தடவை குடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் திரும்பவும் போகிற கரண்டியை எல்லாரும் பார்ப்பார்கள். முகத்தைக் கட்டிப்போட்டவர்களுக்குப் பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது. யாருடைய கரண்டி எந்தக் கோப்பைக்குத் திரும்பிப் போகிறது என்பதுதான் இந்த அறையில் ஒரே பேச்சு.

எதிர்ப்பக்கம் ஹான் முதல் வரிசையில் இருந்தாள். காப்பி வாங்க வந்திருப்பவள், கொரியாவில் சியோல் நகரத்தில் மூன்று காப்பிக் கடைகள், முப்பத்தைந்து வயது இருக்கும், கழுத்துக்கு மேலே கத்தரித்த தலைமுடி, கையில் கடிகாரம்கூட இல்லை. உறிஞ்சும்போது மட்டும் அந்தச் சின்ன உடம்பிலிருந்து துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவளுடைய கடைகளில் ஒரு மலையின் பெயரை எழுதி வைத்தால் அதைக் குடிப்பதற்கு வாசலில் வரிசை நிற்குமாம், தேசிகன் சொன்னார். பிலோமினாவுக்கு அது நம்ப முடியாததாகவும் இருந்தது, நன்றாகத் தெரிந்ததாகவும் இருந்தது. பிலோமினாவின் அப்பா ரயில்வேயில் இருந்தார், சிக்கரி பாதி போட்ட தூளில் இரண்டாம் டிகாக்ஷன்தான் வீட்டில், அதைத் தவிர காப்பிக்கு வேறு வாசனை இருக்கிறது என்று இந்த அறையில்தான் தெரிந்துகொண்டாள். முதல் நாள் யாரோ ஒரு கோப்பையைக் காட்டி இதில் என்ன தெரிகிறது என்று கேட்டபோது காப்பி தெரிகிறது என்று சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒருநாள் ஒரு கோப்பையில் நாவல்பழம் கிடைத்தது. யாரும் போடாத நாவல்பழம். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நாக்கை அண்ணத்தில் தடவிப் பார்த்துக்கொண்டே போனாள். எங்கேயோ ஒரு சரிவில் பனியும் வெயிலும் மாறி மாறி அடித்து, செடி பழத்தை அவசரப்படாமல் பழுக்கவிட்டு, ஒரு கொட்டைக்குள் இதை ஒளித்துவைத்திருக்கிறது, அதை இந்த நாக்கு எடுத்துவிட்டது. மனுஷர்கள் அதற்காகத்தான் வரிசையில் நிற்கிறார்கள். அமலதாஸ் அதற்காகத்தான் மலையேறிப் போனார். அவரிடம் நாவல்பழக் கதையைச் சொன்னது அவள்தானே. கல்யாணமான புதிதில், மொட்டைமாடியில், அவர் ஒன்றும் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார், வருஷங்கள் கழித்து ஒருநாள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். அவள் அழுது சண்டை போட்டாள். "நாக்கை வெச்சு நீ சம்பாதிக்கலாம், மண்ணை வெச்சு நான் சம்பாதிக்கக் கூடாதா" என்று கேட்டார்.

ஹான் இரண்டாவது வரிசைக்கு நகர்ந்தாள். தேசிகன் அவளுக்குப் பின்னால், ஒரு கையை முதுகில் மடித்துக்கொண்டு, பூஜைக்கு நிற்பவர் மாதிரி. பிலோமினா நான்காவது வரிசையை ஆரம்பித்தாள், ஆரம்பித்தாக வேண்டும், ஒரு இடத்திலேயே நின்றால் அதுவும் தெரியும். நான்காவது வரிசை சாதுவான காப்பி. வேர்க்கடலை, வெல்லம், அவ்வளவுதான், ஐந்து கோப்பையும் ஒரே மாதிரி. அந்தச் சாதுவான காப்பியில் சாக்கு வாடை எங்கேயும் இல்லை, அப்படியானால் கரண்டி இல்லை, வெந்நீர் இல்லை. பூசணம். பெயரை நினைத்துவிட்டாள். பூசணம்தான், ஒரு கொட்டையில், ஒரே ஒரு கொட்டையில் இருந்தால்கூடப் போதும். எழுத வேண்டியதுதான். எழுதினால் ஹான் எடுத்துக்கொள்ளமாட்டாள், இத்தனை அருமையான காப்பியில் ஒரு பூசணக் கோப்பை என்றால் மூட்டைக்குள் இன்னும் எத்தனை என்று யாரும் பயப்படுவார்கள். ஹான் எடுக்காவிட்டால் மலை போகும். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து இட்லிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அவர் நிதானமாகச் சொன்னார், தட்டைப் பார்த்துக்கொண்டே. "இந்த வருஷமும் போகலைன்னா வித்துட்டு வந்துடறேன் பிலோ. பேங்க்ல திரும்ப எடுக்கமாட்டான். ஏதாவது ஜவுளிக் கடையில பில் போடற வேலை கெடைக்கும்." அவள் சட்னி பரிமாறிக்கொண்டிருந்தாள். சேச்சே அப்படியெல்லாம் பேசாதீங்க என்று வாய் சொன்னது. ஆனால் அதற்கு ஒரு நொடி முன்னால், வாய் திறப்பதற்கு முன்னால், நெஞ்சுக்குள்ளே ஏதோ குளிர்ந்தது. வெயிலில் நடந்து வந்து முதல் வாய் தண்ணீர் குடித்த மாதிரி. வந்துவிடுவார். திங்கள்கிழமை காலையில் எழுந்தால் பக்கத்தில் இருப்பார். இரண்டு டம்ளர் கழுவ வேண்டியிருக்கும். ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம், காய்ச்சல் வந்தால் சுவரோடு பேச வேண்டாம். அந்தக் குளிர்ச்சியை அவர் பார்க்கவில்லை. அவர் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்த்தாள்.

அதனால்தான் இப்போது நாக்கை நம்ப முடியவில்லை. பூசணம் கோப்பையில் இருக்கிறதா, இல்லை அந்த ஞாயிற்றுக்கிழமைக் குளிர்ச்சிதான் இறங்கி வந்து நாக்கில் உட்கார்ந்திருக்கிறதா. நாக்கு பொய் சொல்லாது என்று ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கலாம், அவளுக்குத் தெரியும் அது என்னவெல்லாம் சொல்லும் என்று. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரம் எல்லாக் கோப்பையிலும் சாம்பிராணி. கர்நாடகக் காப்பியிலும் சாம்பிராணி, ஆந்திரக் காப்பியிலும் சாம்பிராணி, மதிப்பெண் தாளில் அவள் அதையே எழுதிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டுத் தேசிகன் மெதுவாக அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கி, வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் அழுதுட்டு வாங்கம்மா என்று அனுப்பினார். சாம்பிராணி இல்லை என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவள் கோபப்பட்டிருப்பாள், அவ்வளவு தெளிவாக இருந்தது. துக்கம் சாம்பிராணியைக் கொண்டு வரும் என்றால் ஆசை பூசணத்தைக் கொண்டு வராதா. நான்கு கோப்பை நன்றாக இருக்கும்போது ஐந்தாவதில் மட்டும் ஏன். ஏனென்றால் அப்படித்தான் வரும், ஒரு கோப்பையில்தான் வரும், அதுதானே பூசணத்தின் வழக்கம். ஏனென்றால் நான்கு கோப்பையைக் குடித்து முடிக்கும்போதுதான் அவர் ஜெயித்துவிட்டார் என்று தெரிந்தது, அவர் இனிமேல் வரப்போவதில்லை என்று தெரிந்தது, அதற்கடுத்த கோப்பையில்தான் அது வந்தது. இரண்டும் பொருந்துகிறது. எப்படித் திருப்பிப் போட்டாலும் இரண்டும் பொருந்துகிறது. அவள் திரும்பவும் மூன்றாவது வரிசைக்கு வந்திருந்தாள், எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, மூன்றாவது கோப்பை, நான்காவது கோப்பை, சுத்தம், இரண்டும் சுத்தம், ஐந்தாவது. உறிஞ்சினாள். ஆரஞ்சு. கரும்பு. எல்லாரும் வெளியே போனார்கள். மூலையில் சாக்கு. ஆறிக்கொண்டு வருவதால் முன்னைவிடப் பக்கத்தில் நின்றது. நிமிர்ந்தபோது ஹானின் கண்கள் அவள் கரண்டியில் இருந்தன. உடனே தாழ்ந்துவிட்டன.

கோப்பை மேஜையின் விளிம்புக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது, வந்துவிட்டது. புடவைத் தலைப்பு பட்டாலே போதும். முழங்கை தேவையில்லை. நான்காவது வரிசைக்குத் திரும்புகிற வேகத்தில் தலைப்பு இழுத்துக்கொண்டு போனது என்றால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், வாரத்துக்கு ஒருதடவை யாராவது ஒரு கோப்பையைத் தட்டிவிடுவதுதான். துடைத்துவிட்டு வேறு கொட்டையை நிறுத்து அரைத்து வைப்பார்கள். அந்தக் கெட்ட கொட்டை, இருந்தது என்றால், தரையோடு போய்விடும், இல்லையென்றால் தரைக்கு ஒரு கோப்பை நல்ல காப்பி. மலை நிற்கும். அவர் மேலேயே இருப்பார். தட்டிவிட்டால் அவள் ஆசையை அவள் தோற்கடித்த மாதிரி ஆகும், அது நல்லதுதானே, மனைவி செய்ய வேண்டியதுதானே. அவள் இடுப்பில் செருகியிருந்த தலைப்பை எடுத்துவிட்டாள். பிறகு திரும்பவும் செருகிக்கொண்டாள். பிறகு கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஹான் மூன்றாவது வரிசைக்கு வந்துவிட்டாள். முதல் கோப்பையில் குனிந்தவள் நிமிர்வதற்கு வழக்கத்தைவிட ஒரு கணம் அதிகமாக எடுத்துக்கொண்டாள், அது போதும், அவளுக்குப் பிடித்துவிட்டது. இரண்டு. மூன்று. கண்ணை மூடிக்கொண்டாள். நான்கு. ஐந்தாவது கோப்பையில் கரண்டி இறங்கியது, துணி கிழிகிற அந்தச் சத்தம் வந்தது, வாயில் உருட்டினாள், துப்பினாள். அலசினாள். நான்காவது வரிசைக்குப் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிலோமினா காத்திருந்தாள், திரும்புவாள், இப்போது திரும்புவாள் என்று. ஹானின் கரண்டி ஐந்தாவது கோப்பைக்குத் திரும்பவே இல்லை.

அப்படியானால் இல்லை. அப்படியானால் இதுவும் அன்றைய சாம்பிராணிதான். முகத்தில் ரத்தம் ஏறுவதை அவளால் நிறுத்த முடியவில்லை. எழுதாமல் விட்டுவிடலாம். வாங்குகிறவளுக்கே தெரியவில்லை, விற்கிறவன் பெண்டாட்டி ஏன் சொல்ல வேண்டும். ஆனால் அவள் இங்கே பெண்டாட்டியாக நிற்கவில்லை, வேறு எந்தத் தோட்டமாக இருந்தாலும் இந்நேரம் எழுதியிருப்பாள், ஒரு யோசனையும் இல்லாமல் எழுதியிருப்பாள், சந்தேகம் இருந்தாலும் எழுதியிருப்பாள், அதுதான் பழக்கம். இன்றைக்கு எழுதாவிட்டால் நாளையிலிருந்து ஒவ்வொரு கோப்பையிலும் யார் வீட்டுக் காப்பி என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். எழுதினால், அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் சட்னிக் கரண்டியோடு நின்றது நினைவுக்கு வரும். பென்சிலை எடுத்தாள். மூன்றாவது வரிசைக்கு எதிரே இத்தனை வருஷத்தில் ஒரு இந்தியக் காப்பிக்கும் போடாத மதிப்பெண்ணைப் போட்டாள். பிறகு அதற்குக் கீழே, ஐந்தாவது கோப்பை, பூசணம் என்று எழுதினாள். எழுத்து கோணலாக விழுந்தது.

தேசிகன் மின்விசிறியைப் போட்டார். எல்லாருக்கும் முகம் திரும்பி வந்தது. ஹான்தான் முதலில் பேசினாள், திருத்தமான ஆங்கிலத்தில், வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டு. மூன்றாவது வரிசைதான் தனக்கு வேண்டும் என்றாள். ஆரஞ்சுத் தோல், கரும்பு, கடைசியில் ஒரு வெள்ளைப் பூ. இதைக் குடித்தபோது தன் கடை வாசலில் மழையில் குடை பிடித்து நிற்கிறவர்கள் தெரிந்தார்கள் என்றாள். தேசிகனுக்குப் பல் முழுவதும் தெரிந்தது. "நீங்க சொல்லுங்கோ பிலோமினா."

"மூன்றாவது வரிசைதான் எனக்கும் உயர்ந்தது," என்றாள் ஆங்கிலத்தில். தன் குரல் யாருடையதோபோல இருந்தது. "ஆனால் ஐந்தாவது கோப்பையில் பூசணம் இருக்கிறது."

தேசிகனின் பல் மறைந்தது. ஹான் கரண்டியை எடுத்துக்கொண்டு மேஜைக்குத் திரும்பினாள். ஐந்தாவது கோப்பையைக் குடித்தாள். நான்காவதைக் குடித்தாள், திரும்பவும் ஐந்தாவதைக் குடித்தாள். கோப்பையைக் கையில் எடுத்து மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தாள். கடைசியாக ஒரு தடவை குடித்து, இந்தத் தடவை துப்பாமல் விழுங்கினாள். "எனக்குச் சுத்தமாகத்தான் இருக்கிறது," என்றாள், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. தேசிகன் குடித்தார். உதட்டைப் பிதுக்கினார். "ஒண்ணுமில்லையே," என்று தமிழில் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்காரர் மேல அவ்வளவு கோபமா? சனிக்கிழமை வந்து சேர்ந்தார்னா நானே பஞ்சாயத்துக்கு வர்றேன்," என்றார்.

அவள் சிரித்தாள். சிரித்தாக வேண்டியிருந்தது. அந்த வேடிக்கை வந்து விழுந்த இடம் அவருக்குத் தெரிய நியாயமில்லை. என்ன சொன்னீர்கள் என்று ஹான் கேட்க, அது இவருடைய கணவரின் தோட்டம் என்று அவர் விளக்கினார். ஹான் பிலோமினாவை ஏறிட்டுப் பார்த்தாள். புரியாத பார்வை, பிறகு கொஞ்சம் மரியாதை, பிறகு அதற்குள்ளிருந்து ஒரு சின்னக் கேள்வி. "ரொம்பக் கண்டிப்பான மனைவி," என்று சொல்லிவிட்டுப் பேச்சை முடித்தாள். இருக்கிற பன்னிரண்டு மூட்டையும் வேண்டும், ஒன்றுகூடக் குறையக் கூடாது, மூன்று கடைக்கும் ஒரு பருவம் முழுக்க இந்த ஒரு மலைதான், குறைந்தால் தனக்குப் பிரயோஜனமில்லை என்றாள். தேசிகன் ஒப்பந்தத் தாள்களை எடுத்துவரச் சின்ன அறைக்குப் போனார். பிலோமினாவின் கைப்பையில் போன் அதிர்ந்தது. அவர்தான். போன் எடுக்கிற பாறை ஒன்று இருக்கிறது மேலே, காலையிலிருந்து அதில்தான் உட்கார்ந்திருப்பார். நடைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. எடுத்துக்கறாங்க. மொத்தமும்."

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. யாரையோ பார்த்து, "ஏய், அந்த ஹோஸ் தண்ணியை நிறுத்துய்யா," என்றார். சந்தோஷம் வந்தால் அவர் அப்படித்தான், சம்பந்தமில்லாமல் எதையாவது பேசுவார். "நெசமாவா பிலோ?"

"நெசந்தான்."

"எதுன்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

"ஏடு உடைச்சதுமே தெரிஞ்சுது."

"நீ என்ன சொன்னே?"

சொல்லாமல் விட்டுவிட இதுதான் இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன். அது பொய்கூட இல்லை. பாறைமேல் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு அதுக்கு மேல் என்ன வேண்டும். "அஞ்சாவது கப்புல பூசணம்னு சொன்னேன்," என்றாள். "அவங்க ரெண்டு பேரும் குடிச்சுப் பாத்துட்டு இல்லைன்னுட்டாங்க. என் நாக்குதான் ஏதோ..."

கேட்கப்போகிறார். வேணும்னே சொன்னியா என்று கேட்கப்போகிறார். நான் தோத்துட்டு வரணும்னு ஆசையா என்று நான்கு வருஷமாகக் கேட்காமல் வைத்திருப்பதை இப்போது கேட்கப்போகிறார், அவளும் பதில் சொல்லியாக வேண்டும், எனக்குத் தெரியலைங்க, சத்தியமாத் தெரியலை என்று. நடையின் சுவரில் யாரோ கையால் தேய்த்த அழுக்கு நீளமாக ஓடியது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு கப்புல மட்டுமா?" என்றார்.

"ஒண்ணுல மட்டும்."

"மண்ணு வாடையா, சாக்கு வாடையா?"

"சாக்கு. நனைஞ்ச சாக்கு."

"மூணாவது கட்டில்," என்றார். குரலில் இருந்த சந்தோஷம் போய்விட்டது. "தை மாசம் ஒரு மழை வந்துச்சுல்ல. தார்ப்பாய் ஒரு மூலையில தூக்கிடுச்சு. விடிஞ்சுதான் பாத்தேன். நனைஞ்சதைப் பூரா பொறுக்கி எருக்குழியில போட்டேன். பூரா போட்டேன்னுதான் நெனச்சேன்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். மூச்சு ஒரு பெரிய அலையாக வெளியே வந்தது, அதோடு சேர்ந்து ஒரு சத்தமும் வந்துவிட்டது. இருந்தது. கோப்பையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை, சட்னி இல்லை, இட்லித் தட்டு இல்லை. மழை. ஒரு மூலை. தார்ப்பாய்.

"சிரிக்கிறியா?"

"இல்ல."

"சிரிக்கிற."

"ஆமா," என்றாள்.

"சரி, சிரி," என்றார். பிறகு, "போனைத் தேசிகன் சார்ட்ட குடு," என்றார்.

"எதுக்கு?"

"மூணாவது கட்டில்ல வந்தது நாலு மூட்டை. அதை எடுத்துடறேன்னு சொல்லணும்."

"பன்னெண்டும் இருந்தாத்தான் வேணும்னு சொல்லியிருக்கா. எட்டுன்னா வேண்டாம்பா. தாளை எடுத்துட்டாங்க, இப்ப கையெழுத்துப் போடப்போறா."

"போடட்டுங்கிறியா?"

"அவ நாக்குக்குத் தெரியலை," என்றாள். சொல்வது தான்தானா என்று கேட்டுக்கொண்டே சொன்னாள். "சாருக்கும் தெரியலை. அங்க குடிக்கிறவங்களுக்கும் தெரியாமலே போகலாம். இதுக்காக நாலு வருஷம்... அங்கயே இருங்க. நான் ஒண்ணும் கேக்கலை. அங்கயே இருங்க."

கடைசியில் சொன்னது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நெஞ்சில் இருந்த குளிர்ச்சியைத் தேடிப் பார்த்தாள், காணவில்லை. அந்த இடத்தில் நான்கு கோப்பைகள் இருந்தன, அப்படி ஒரு காப்பி, அவர் இறங்கி வந்துவிட்டால் அதை இனிமேல் யாரும் செய்யப்போவதில்லை.

"உனக்குத் தெரிஞ்சுதுல்ல," என்றார் அவர்.

"என் நாக்கை வெச்சுக்கிட்டு அங்க யாரும் குடிக்கப்போறதில்லை."

அவர் சிரித்தார், இந்தத் தடவை அவர். "நாலு வருஷமா இந்த நாக்குக்குத்தான் பயந்துக்கிட்டுக் கெடக்கேன். குடு பிலோ."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். தேசிகன் தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டிருந்தார். போனை நீட்டியதும், "வாழ்த்துக்கள் அமலதாஸ்," என்று ஆரம்பித்தவர் பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். "எட்டுதான் தேறுமா?" என்றார். "நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?" என்றார். வெகுநேரம் கழித்து, "சரி," என்றார். போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பிலோமினாவிடம், "நீங்களே சொல்லிடுங்க அவகிட்ட. எனக்கு வாய் வராது," என்றார்.

ஹான் முதல் தாளின் அடியில் பேனாவை வைத்திருந்தாள். பிலோமினா நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். பன்னிரண்டு இல்லை, எட்டு மூட்டைதான் என்றாள்.

"உங்கள் ஐந்தாவது கோப்பைக்காகவா?"

"இல்லை. என் கணவர் சொல்கிறார்."

ஹான் தாளின் அடியிலிருந்து பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடாமலே அதை மூடினாள்.